கல்வெட்டில் இல்லாத வரி

யாழ்ப்பாணத்தில் ஒருவர் கண்ணை மூடினால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. கிரியை முடிந்து, வந்த சனம் சாப்பிட்டு எழும்பும் நேரம் ஆளுக்கொரு சின்னப் புத்தகம் கொடுபடும். அட்டையில் ‘நினைவு மலர்’ என்று அச்சிட்டிருந்தாலும் வாயில் வருவது ‘கல்வெட்டு’ என்ற பழைய பெயர்தான். இறந்தவரின் படம், திதியைச் சொல்லும் வெண்பா, தேவார திருவாசகங்கள், வம்சாவளி, பிள்ளைகளின் புலம்பல், கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். ஒரு குடும்பம் தன் துயரத்தை அச்சில் ஏற்றி ஊரின் கையில் கொடுக்கும் வழக்கம் இது.

எண்பது வயதில் போனவரின் கல்வெட்டு தடித்தது. இருபத்திரண்டு வயதில் போனவனுடையது மெல்லியது. படித்த பள்ளிக்கூடம், விளையாடிய கழகம், அம்மாவின் புலம்பல், அக்காவின் புலம்பல், அதோடு முடிந்துவிடும். செல் விழுந்து செத்தவனுக்கும், மோட்டார் சைக்கிளில் போய் அடிபட்டுச் செத்தவனுக்கும் எப்படிப் போனான் என்று ஒரு வரி இருக்கும். ஹெரோயின் ஊசியால் செத்தவனுக்கு அந்த வரி இருக்காது. ‘எதிர்பாராத விதமாக’ என்று ஒரு சொல் நிற்கும். ‘நெஞ்சுநோ’ என்று ஊருக்குச் சொல்லியிருப்பார்கள். வந்தவர்களுக்கும் தெரியும், தெரிந்தது போல யாரும் காட்டமாட்டார்கள்.

இல்லாத அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இக்கட்டுரை. பிள்ளையைப் போதைக்குப் பறிகொடுத்த தாய் தகப்பன்மார் உலகின் பல மூலைகளில் தங்கள் துயரத்தைத் தெருவுக்கும் நீதிமன்றத்துக்கும் சட்டசபைக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள். துயரத்தைத் தெருவுக்குக் கொண்டுவரத் தெரிந்த ஊர் யாழ்ப்பாணம். இந்த ஒரு துயரத்தை மட்டும் அது ஏன் அறைக்குள் வைத்துப் பூட்டுகிறது, பூட்டைத் திறந்தால் எதைக் கேட்க வேண்டும் என்பதே என் கேள்வி.

முதலில் சாவு எப்படி வருகிறது என்று பார்ப்போம், ஏனென்றால் அது அநேகமாக வீட்டுக்குள்ளேயே வருகிறது. ஹெரோயின் மூளையின் அடித்தண்டில் மூச்சை நடத்தும் பகுதியை அமுக்குகிறது. அளவு கூடினால் மூச்சு மெதுவாகும், இடைவெளி விடும், நின்றுபோகும். நிற்பதற்கு முன் ஒரு சத்தம் வரும். தொண்டை தளர்ந்து, காற்று திக்கித் திக்கிப் போகும் கரகரப்பு. வெளியே இருந்து கேட்பவருக்கு அது குறட்டை. நாலைந்து நாளாக நித்திரை இல்லாமல் வீட்டைச் சுற்றி நடந்தவன் குறட்டை விடுகிறான் என்றால் தாய்க்கு மனம் ஆறும். ‘இண்டைக்காவது பிள்ளை நித்திரை கொள்ளட்டும்’ என்று கதவைச் சாத்திவிட்டுப் போவாள். விடிய எழுப்பப் போகும்போது உதடும் நகமும் நீலம் பாரித்திருக்கும். இந்த ஏமாற்று உலகெங்கும் ஒன்றுபோல நடக்கிறது; பிள்ளையை இழந்த பெற்றோர் பல நாடுகளிலும் இதே குறட்டையைச் சொல்கிறார்கள்.

இன்னொரு வழி மெதுவானது. முதலில் ஈயத்தாளில் தூளைச் சூடாக்கி, புகையை உறிஞ்சுவார்கள். தூளின் விலை ஏறினாலோ கையில் காசு குறைந்தாலோ ஊசிக்கு மாறுவார்கள்; குறைந்த தூளில் கூடிய போதை. ஒரே ஊசி நாலு கை மாறும். தோலில் இருக்கும் கிருமி இரத்தத்தில் ஏறி இதய வால்வில் குடியிருக்கும். காய்ச்சல், மூச்சுமுட்டல், வாரக்கணக்கில் ஆஸ்பத்திரி, பிறகு மரணம். சான்றிதழில் இதயக் கிருமித்தொற்று என்று எழுதுவார்கள். மருத்துவப்படி அது பொய்யில்லை. ஆனாலும் கல்வெட்டில் விடுபட்ட வரி இங்கேயும் விடுபட்டுப் போகிறது. திடீர் மரண விசாரணை அதிகாரியின் முன்னால் குடும்பம் சொல்வதும் அநேகமாக இதே பாதிக்கதைதான். சரியான கணக்கு ஒன்று இல்லாததால் ஒவ்வொரு வீடும் தன் வீட்டில் மட்டும்தான் இடி விழுந்தது என்று நினைத்துக்கொள்கிறது.

துயரம் பேசக் கூடாது என்ற ஊர் இதுவாக இருந்திருந்தால் இதை எழுதவே தேவையில்லை. 1984இல் இராணுவம் சுமார் ஐந்நூறு இளைஞர்களைப் பிடித்துக்கொண்டு போனபோது, யாழ்ப்பாணத்துப் பெண்கள் அன்னையர் முன்னணி என்று திரண்டு கச்சேரிக்கு ஊர்வலம் போய் அரசாங்க அதிபரிடம் பிள்ளைகளைக் கேட்டார்கள். தெற்கில் அன்னையர் முன்னணி எழுந்தபோது அதன் முகங்களில் ஒருவராக நின்றவர் மனோராணி சரவணமுத்து என்ற தமிழ் மருத்துவர். 1990 பெப்ரவரியில் கொல்லப்பட்ட ஊடகவியலாளர் ரிச்சர்ட் டி சொய்சாவின் தாய். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் உட்கார்ந்தார்கள். பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் இருந்தார்கள்; பிள்ளையைக் காணாமலே பலர் செத்தும் போனார்கள். படத்தைத் தூக்கிப் பிடிப்பது நமக்குப் புதிதல்ல.

ஆனால் அந்தத் தாய்மார் எல்லோருக்கும் ஒரு பலம் இருந்தது. பிள்ளை குற்றமற்றவன். எடுத்தவன் வேறு ஆள், அவன் சீருடை போட்டவன். தூளால் செத்தவனின் தாய்க்கு அந்தப் பலம் இல்லை. தன் காப்பைக் களவெடுத்தவன் அவன்தான். பக்கத்து வீட்டுக் கிணற்று மோட்டரைக் கழற்றி விற்றவனும் அவன்தான். வெளிநாட்டிலிருந்து அண்ணன் அனுப்பிய காசை ஊசியாக்கியவனும் அவனே. செத்தவீட்டில் அழுகிறவள் நெஞ்சுக்குள் ஒரு துளி நிம்மதியும் கிடக்கும். அந்த நிம்மதிக்காகவே அவள் ஆயுசுக்கும் தன்னை மன்னிக்கமாட்டாள். இவள் படத்தைத் தூக்கினால் ஊர் ஒரு கேள்வி கேட்கும்: ‘நீ வளர்த்த வளர்ப்பென்ன?’ அக்காவுக்குக் கலியாணம் பேச வேண்டும். தம்பி உயர்தரம் எடுக்க வேண்டும். ஆக, கல்வெட்டில் ஒரு வரி குறைகிறது.

அந்த வரியை எழுதிய ஒருவரைச் சொல்லவேண்டும். பஞ்சாப் மாநிலத்தின் தரன்தாரன் மாவட்டத்தில் பட்டி என்றொரு சிறு நகரம். முக்தியார் சிங் அங்கே மின்வாரியத்தில் கம்பத் தொழிலாளி. 2016இல் அவருடைய மகன் மஞ்சித் போதையால் செத்தான். தகப்பன் பிரேதத்தை நேரே சுடலைக்குக் கொண்டுபோகவில்லை. துணியால் மூடி ஊர் வழியாகத் தூக்கிக்கொண்டு போய், வருவாய் அதிகாரியின் அலுவலகத்தில் பிரதமருக்கு எழுதிய கடிதத்தைக் கையளித்தார். பிறகு அவர் நடத்திய இயக்கத்துக்கு இட்ட பெயரின் பொருள், ‘பிரேதச்சீலை பேசிவிட்டது’. ஊர் ஊராகப் போனார். தன் பிள்ளையின் பெயரையும் சாவையும் சேர்த்தே சொன்னார். மறைத்திருந்தால் ஒரு குடும்பத்தின் வெட்கமாகப் போயிருக்கும்; சொன்னதால் ஒரு மாநிலத்தின் கேள்வியாயிற்று.

யாழ்ப்பாணத்துக்கு மிக நெருக்கமான கதை என்று எனக்குப் படுவது பஞ்சாபும் அல்ல. அது ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், அத்திலாந்திக் கடலோரத்தில் கிடக்கும் கலீசியா. தரையைக் கடல் கிழித்துக் கிழித்து உள்ளே வந்த நிலம். ஒவ்வொரு கடல்நீர்க்கரத்துக்கும் ஒரு மீனவக் கிராமம், ஒவ்வொரு கிராமத்துக்கும் வேகமான படகுகள். ஸ்பானிய உள்நாட்டுப் போருக்குப் பிந்திய வறுமையில் அந்தச் சனம் எல்லை கடந்து பொருள் கொண்டுவந்து பிழைத்தது. பிறகு வந்தது அமெரிக்க சிகரெட். சிகரெட் கடத்துகிறவனை ஊர் திருடனாகப் பார்க்கவில்லை. அவன் கால்பந்துக் கழகத்துக்குப் பணம் கொடுத்தான், திருவிழாவுக்குப் பணம் கொடுத்தான், பொடியன்களுக்கு வேலை கொடுத்தான்.

வடமராட்சிக் கரையை அறிந்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. இரண்டு அரசுகள் இறக்குமதிக்கும் போக்குவரத்துக்கும் கோடு போட்டபோது, அந்தக் கோட்டுக்கு முன்பே பாக்குநீரிணையைக் கடந்து பழகிய கடலோடிகள் புடவையும் சாமானும் ஏற்றி இறக்கினார்கள். ஊரில் அதற்குப் பெயர் வியாபாரம். அதை நான் இழிவாகச் சொல்லவில்லை. கோட்டைப் போட்டவர்களுக்குத்தான் அது குற்றம். ஆனால் அந்தப் பழைய மதிப்பு ஒரு கண்மூடித்தனத்தையும் விட்டுப் போனது. படகில் ஏறும் சாமான் மாறியபோது, கலீசியாவிலும் சரி இங்கேயும் சரி, ஊர் அதைக் கவனிக்கப் பிந்திவிட்டது. அங்கே 1980களில் சிகரெட் ஓடிய பாதையிலேயே கஞ்சாப் பிசினும் கொக்கெய்னும் ஏறின. அதே காலத்தில் ஹெரோயின் ஒரு தலைமுறையை வாரிக்கொண்டு போனது. இங்கே மாதகல், வடமராட்சி கிழக்குக் கரைகளில் கேரளக் கஞ்சா மூட்டை மூட்டையாகப் பிடிபடுவது இப்போது செய்தியே இல்லை என்றாகிவிட்டது.

கலீசியாவின் விகோ நகரில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் கார்மென் அவெந்தாஞோ என்ற தாய் இருந்தார். மகன் ஹெரோயினில் விழுந்தான். அவர் கதவைச் சாத்தவில்லை. தன்னைப் போன்ற தாய்மாரைத் தேடிக் கூட்டினார். 1980களின் நடுவில் ‘எர்கெத்தே’ என்று ஒரு சங்கம் உருவாயிற்று. கலீசிய மொழியில் ‘எழும்பு’ என்று அர்த்தம். விகோவில் எந்தெந்தக் குடிக்கடைகளில் தூள் விற்கிறது என்று பொலிஸ் அறியாதது போலிருந்த காலத்தில், அந்தப் பெண்கள் கடைகளின் பெயர்களைப் பகிரங்கமாக வாசித்தார்கள். மிரட்டல் வந்தது. விடவில்லை.

1990 ஜூனில் நீதிபதி பல்தசார் கார்சோன் தலைமையில் பெரிய சுற்றிவளைப்பு நடந்து வழக்கு மாட்ரிட்டுக்குப் போனது. தாய்மாரும் போனார்கள். பெருமுதலைகள் வரும்போதும் போகும்போதும் அவர்கள் முகத்துக்கு நேரே நின்று கத்தினார்கள். தீர்ப்பில் பலர் தப்பினார்கள். கடத்தல்காரன் லவுரெயானோ ஊபிஞாவின் மாளிகையாகப் பேர்போன பயோன் தோட்டத்தின் இரும்புக் கதவைப் பிடித்து அந்தப் பெண்கள் உலுக்கும் காட்சி ஸ்பெயினில் எல்லோர் நினைவிலும் இருக்கிறது. மெல்லிய குளிர்ச்சட்டை போட்ட, சந்தைக்குப் போகிற வயதுப் பெண்கள். அந்தத் தோட்டத்தை அரசு பறிமுதல் செய்தது. 2008இல் முந்திரிகைத் தோட்டக்காரர்களின் கூட்டுறவு ஒன்று அதை வாங்கியபோது, போதையிலிருந்து மீள்பவர்களுக்கு அங்கே வேலை கொடுக்கவேண்டும் என்பது விற்பனையின் நிபந்தனைகளில் ஒன்று.

இந்தக் கதையில் பலரும் கதவை உலுக்கியதைத்தான் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது மற்றப் பாதி. கடத்தல்காரனை ‘உள்ளுக்குப் போடு’ என்று கேட்ட அதே பெண்கள், தங்கள் பிள்ளைகளை உள்ளுக்குப் போடாதே என்றும் கேட்டார்கள். சிறையில் கிடந்த பொடியன்களைப் பார்க்கப் போனார்கள், சட்ட உதவி தேடினார்கள், சிகிச்சைக்கு இடம் பிடித்தார்கள். விற்றுக் கொழுத்தவனையும் குத்திக்கொண்டு விழுந்தவனையும் அவர்கள் ஒரே கூண்டில் நிறுத்தவில்லை.

நாம் நிறுத்தினோம். அதற்கு வயது நாற்பது தாண்டிவிட்டது. யாழ்ப்பாணத் தாய்மார் கச்சேரிக்கு நடந்த அதே 1984இல்தான், கொழும்பில் பாராளுமன்றம் தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையை அமைக்கும் 11ஆம் இலக்கச் சட்டத்தையும், நஞ்சுகள் அபின் கட்டளைச்சட்டத்தைத் திருத்தும் 13ஆம் இலக்கச் சட்டத்தையும் கொண்டுவந்தது. அந்தத் திருத்தத்தின்படி இரண்டு கிராம் ஹெரோயின் வைத்திருந்தால் மரணதண்டனை அல்லது ஆயுட்சிறை. இரண்டு கிராம் என்பது சின்னஞ்சிறு அளவு. 1976க்குப் பிறகு இலங்கையில் தூக்கு நிறைவேறவில்லை. 2019 ஜூனில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன போதைக் கைதிகள் நால்வருக்கு நாள் குறிக்கப் பார்த்தார். உயர் நீதிமன்றம் தடுத்தது. 2023 டிசம்பரில் ‘யுக்திய’ என்ற பெயரில் நாடெங்கும் சுற்றிவளைப்பு; சில வாரங்களுக்குள் பல்லாயிரம் பேர் கைது, ஐக்கிய நாடுகள் மனித உரிமை நிபுணர்களின் கண்டனம். இவ்வளவு காலத்தில் தூள் குறைந்ததா என்று வடக்கின் எந்தப் பள்ளிக்கூட அதிபரிடமும் கேட்டுப் பார்க்கலாம்.

2022ஆம் ஆண்டளவில் வடக்குப் பத்திரிகைகளில் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வந்தது: தாய் தன் மகனைப் பொலிஸில் ஒப்படைத்தார். ‘என்ர பிள்ளையை எப்பிடியாவது திருத்தித் தாங்கோ’ என்ற குரல் அதற்குள் இருந்தது. அந்தத் தாய்மாரை நான் குறை சொல்லமாட்டேன். ஆஸ்பத்திரிக் கதவு எங்கே என்று தெரியாதவளுக்குத் தெரிந்த ஒரே கதவு பொலிஸ் நிலையம். ஆனால் அந்தக் கதவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதை ஊர் அறியவேண்டும்.

சிறைக்கோ முகாமுக்கோ போகிற பொடியனுக்கு மருந்தில்லாமல் போதை இறங்கும். நடுக்கம், வாந்தி, வயிற்றோட்டம், எலும்பு முறிவது போல வலி. ஒரு கிழமையில் அடங்கும். சில மாதம் கழித்துச் சதை பிடித்து, முகம் தெளிந்து வெளியே வருவான். தாய் நேர்த்திக்கடன் வைப்பாள். இந்த இடத்தில்தான் மரணம் காத்திருக்கிறது. உடம்பு தன் பழைய தாங்கும் சக்தியை இழந்துவிட்டது. மூளை பழைய ஆசையை இழக்கவில்லை. முன்பு போட்ட அளவையே ஒருநாள் போடுவான், அது இப்போது கொல்லும் அளவு. பல நாடுகளின் ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2010இல் வெளியான கணக்கொன்று, சிறையிலிருந்து விடுதலையான முதல் இரண்டு வாரங்களில் போதைப்பொருளால் சாகும் ஆபத்து அடுத்த பத்து வாரங்களோடு ஒப்பிட்டால் 3 முதல் 8 மடங்கு என்று காட்டியது. திருந்தி வந்தான் என்று வீடு நம்பும் அந்தப் பதினாலு நாளே ஆகப் பயங்கரமானது.

இதற்கு மருந்து இருக்கிறது. மெதடோன், புப்ரெனோர்ஃபின் என்ற இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2005இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இவையும் ஓபியொயிட் வகைதான். மருத்துவர் கண்காணிப்பில், குறித்த அளவில் நாளாந்தம் கொடுத்தால் நடுக்கமும் ஏக்கமும் அடங்கும், போதை ஏறாது. பொடியன் வேலைக்குப் போகலாம். இந்தச் சிகிச்சையில் இருக்கும் காலத்தில் மரணம் பாதிக்கும் கீழே விழுகிறது என்று ஆய்வுக்கு மேல் ஆய்வு சொல்கிறது. நம் ஆட்கள் ‘ஒரு போதைக்கு இன்னொரு போதையா?’ என்று கேட்பார்கள். நீரிழிவுக்காரனுக்கு ஆயுசுக்கும் இன்சுலின் போடுகிறோம், அதை அடிமைத்தனம் என்று சொல்வதில்லை. நலோக்சோன் என்று இன்னொரு மருந்து. மூச்சு நின்றுகொண்டிருப்பவனின் மூக்கில் தெளித்தாலோ தசையில் ஏற்றினாலோ சில நிமிடங்களில் மூச்சைத் திருப்பிக் கொண்டுவரும். வீட்டாரின் கையிலும் இதைக் கொடுக்கலாம் என்று 2014இல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியது. குறட்டையைக் கேட்டுக் கதவைச் சாத்திய தாயின் கையில் அது இருந்திருந்தால் என்ற நினைவைத் தாண்டி என்னால் எழுத முடியவில்லை.

வடக்கில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது, அதை அவிழ்க்காமல் எந்த இயக்கமும் நகராது. ‘புனர்வாழ்வு’ என்ற சொல். 2009இல் போர் முடிந்தபோது சரணடைந்த, பிடிபட்ட விடுதலைப் புலிகள் பன்னிரண்டாயிரம் பேரளவில் இராணுவத்தின் கீழ் ‘புனர்வாழ்வு’ பெற்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் இங்கே மனதில் வருவது முள்வேலி. அதை நடத்திய புனர்வாழ்வு ஆணையாளர் நாயகப் பணியகம்தான் பொலன்னறுவை மாவட்டத்தின் கந்தக்காட்டில் போதைக்காரருக்கான நிலையத்தையும் நடத்தியது. 2022 ஜூனில் அங்கே ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கானோர் வேலி பாய்ந்தார்கள், படைத்தரப்பினர் சிலர் கைதானார்கள். அதே ஆண்டு வந்த புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம் போதைக்கு அடிமையானவரையும் முன்னாள் போராளியையும் ஒரே பட்டியலில் எழுதியிருந்தது. உயர் நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரண் என்றபின் திருத்தி, 2023 ஜனவரியில் நிறைவேற்றினார்கள். ஒரு மகனை இயக்கத்துக்குக் கொடுத்து, அவன் முள்வேலிக்குள் இருந்து வந்ததைப் பார்த்த வீடு, அடுத்த மகனைச் சிகிச்சைக்கென்று அதே பெயருள்ள இடத்துக்கு எந்த நம்பிக்கையில் அனுப்பும்?

‘அவங்கள் இருந்திருந்தால் இது வந்திருக்குமோ’ என்று புலிகளை நினைத்துச் சந்திக்குச் சந்தி சொல்கிறார்கள். ‘வேணுமெண்டே விட்டிருக்கிறாங்கள்’ என்றும் சொல்கிறார்கள். இத்தனை முகாமும் இத்தனை காவலரணும் உள்ள குடாநாட்டுக்குள் தூள் எப்படி வருகிறது என்ற கேள்வி நியாயமானது, கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் வரும்வரை காத்திருக்க, இப்போது ஊசி போட்டுக்கொண்டிருக்கிறவனால் முடியாது. துப்பாக்கியின் பயத்தில் ஒரு காலம் தூள் வராதிருந்ததும் அவனுக்கு இன்றைக்கு மருந்தாகாது.

நமக்கு மொழியாலும் கிட்ட, வழியாலும் கிட்ட ஓர் உதாரணம் இருக்கிறது. பலாலியில் ஏறினால் ஒரு மணித்தியாலத்துச் சொச்சத்தில் சென்னை. அங்கே இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை. அதன் தொடக்கம் ஒரு சாவு. இந்திய நிதியமைச்சராக இருந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரியின் பேரன் ரங்கநாதன் குடியால் 1979இல் இளவயதிலேயே இறந்தார். மனைவி சாந்தி ரங்கநாதன். பேர்பெற்ற குடும்பம், மறைக்க வசதியும் காரணமும் தாராளமாக இருந்தன. அவர் மறைக்கவில்லை. 1980இல் கணவரின் பெயரிலேயே, எதனால் செத்தாரோ அதற்கு மருந்து தேடும் நிறுவனத்தைத் தொடங்கினார். குடிகாரன் கெட்டவன் என்று நாடே நினைத்த காலத்தில் அது நோய் என்று சொல்லி, வெளிநாடு போய்ப் பயிற்சி பெற்று வந்தார். 1987இல் மருத்துவமனை எழுந்தது. குடிக்கும் பிற போதைகளுக்கும் அங்கே சிகிச்சை. 1992இல் பத்மஸ்ரீ, 1999இல் ஐக்கிய நாடுகளின் வியன்னா குடிமைச் சமூக விருது.

விருதுகளைவிட அவர் செய்த இரண்டு காரியங்கள் யாழ்ப்பாணத்துக்கு வேண்டும். ஒன்று, நோயாளியோடு குடும்பத்தையும் உட்கார்த்தி வைத்துத் தனிச் சிகிச்சை. மனைவியும் தாயும் நோயோடு சேர்ந்து வாழ்ந்து தாங்களும் நோயாகிப் போனவர்கள் என்பதை, மனைவியாக இருந்து தெரிந்துகொண்டவர் அவர். மற்றது மஞ்சக்குடி. திருவாரூர்ப் பக்கம் ஒரு கிராமம். 1989இல் தொடங்கி, ஊரின் பொதுக் கட்டடத்திலேயே பதினைந்து நாள் முகாம் போட்டார்கள். ஊர்ப்பெரியவர்கள் ஆட்களைத் தெரிந்து கூட்டிவந்தார்கள், ஊர் சாப்பாடு போட்டது, முகாம் முடிந்தபின்னும் மருத்துவக்குழு திரும்பத் திரும்ப வந்து பார்த்தது. முள்வேலியும் இல்லை, தூர தேசமும் இல்லை. ஒவ்வொரு ஊரிலும் சனசமூக நிலையமும் கோயில் மடமும் வைத்திருக்கும் குடாநாட்டில் இதைச் செய்ய இடம் தேடத் தேவையில்லை. குடிக்கு அமைத்த முறையைத் தூளுக்கு அப்படியே பெயர்க்க முடியாது என்பது உண்மை. முகாமோடு மருந்தும் வேண்டும், இல்லாவிட்டால் நான் மேலே சொன்ன பதினாலு நாள் இங்கேயும் காத்திருக்கும்.

நம் சனம் பெருமளவில் இருக்கும் கனடாவில் 2016இல் மூன்று தாய்மார் சேர்ந்து ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள்: லெஸ்லி மக்பெய்ன், பெட்ரா ஷுல்ஸ், லோர்னா தோமஸ். மூவரும் மகனை இழந்தவர்கள். அதே ஆண்டு ஏப்ரலில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் போதைச் சாவுகளுக்காகப் பொதுச் சுகாதார அவசரநிலையைப் பிரகடனம் செய்தது. அதன்பின் அங்கே மட்டும் 14,000 பேருக்கு மேல் செத்தார்கள். இந்தத் தாய்மார் படங்களைத் தூக்கிக்கொண்டு கேட்டது தண்டனையை அல்ல. நலோக்சோனை, சிகிச்சையை, பாவிப்பவனைக் குற்றவாளியாக்காத சட்டத்தை. 2023 ஜனவரி இறுதியில் அந்த மாகாணத்தில் சிறு அளவு வைத்திருப்பது பரீட்சார்த்தமாகக் குற்றமல்ல என்றாயிற்று. 2024 மே மாதம் பொது இடங்களில் அதைத் திரும்பவும் தடைசெய்தார்கள். முழு வெற்றியும் இல்லை. பிள்ளையை இழந்த எல்லாப் பெற்றோரும் அவர்களோடு உடன்படவும் இல்லை. ஆனால் மரணவிசாரணைப் பணியகம் அங்கே சாவுகளின் கணக்கைத் தொடர்ந்து வெளியிடுகிறது. அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு அமைச்சரோடு வாதாட ஒரு தாயால் முடிகிறது. கொக்குவிலிலோ கரவெட்டியிலோ இருக்கும் தாய் எதைக் கையில் வைத்து வாதாடுவாள்?

ஜூன் 26 உலக போதைப்பொருள் எதிர்ப்பு நாள். வெள்ளை உடுப்புப் போட்ட மாணவர்கள் பதாகை பிடித்து நடப்பார்கள், அதிபர் பேசுவார், பொலிஸ் பொறுப்பதிகாரி பேசுவார். பிள்ளையை இழந்த தாய் பேசுவதில்லை. அவள் வீட்டில் இருப்பாள். அவளை மேடைக்கு இழுத்து வருவது கொடுமை. அதை நான் கேட்கவில்லை. ஒரு ஊரில் இப்படி நாலு தாய்மார் இருந்தால் அவர்கள் ஒருவரையொருவர் அறியவேண்டும், ஒரு பின்னேரம் ஒரு வீட்டு விறாந்தையில் ஒன்றாக இருந்து தேத்தண்ணி குடிக்கவேண்டும். விகோவிலும் தாய்மார் ஒருவரையொருவர் கண்டுபிடித்த பிறகுதான் மற்றதெல்லாம் நடந்தது.

கல்வெட்டின் நன்றி நவிலல் பக்கத்தில் எப்போதும் கீழே கொஞ்சம் இடம் மிஞ்சும். ஓடிவந்து உதவிய அயலவர்க்கு, வைத்தியர்களுக்கு, மலர்வளையம் வைத்தோர்க்கு, பந்தல் போட்டோர்க்கு என்று நன்றி சொல்லி முடித்த பின் அரைப்பக்கம் வெறுமையாகக் கிடக்கும். அங்கே எழுதுவதற்கு இவ்வளவும் போதும்: எங்கள் பிள்ளை ஹெரோயினால் இறந்தான். உங்கள் பிள்ளை எழுப்பினால் எழும்பாமல் தொண்டை கரகரக்கக் குறட்டை விட்டால், உதடு நீலமானால், அது நித்திரை இல்லை. 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். பொலிஸ் வரும் என்று பயந்து பிந்தாதீர்கள். வாயைத் துடைத்து, தலையைச் சற்றே பின்னால் சாய்த்து, வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுங்கள். தானாக மூச்சு எடுக்கத் தொடங்கினால் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வையுங்கள். ஆள் வரும்வரை தனியே விடாதீர்கள். அதற்கு முந்திய நாட்களில் பேச ஆள் வேண்டுமென்றால் 1927. எங்களோடு கதைக்க விரும்பினால் வீட்டுக்கு வாருங்கள், கேற் பூட்டுவதில்லை.